அம்போசெலியில் பஸ் தூக்கம்

கார்மேகம் துபாயில் சாரம் கட்டுகிறவர். ஊரிலிருந்து வருகிற யாராவது ஓர் உயரமான கட்டிடத்தைக் காட்டி, "இதுல நீங்க வேல பாத்தீங்களா?" என்று கேட்டால், "அதுக்கு வெளியில பாத்தேன்" என்பார். அதற்கு மேல் விளக்கம் வராது. அவர் கட்டியதைக் கட்டிடம் முடிவதற்குள் அவிழ்த்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். ஏதாவது மிஞ்சி நின்றால் வேலை முடியவில்லை என்று பொருள். இதை அவர் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை, பெருமையாகவும் சொன்னதில்லை.

முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். கல்யாணமான மறு வருஷம் விமானம் ஏறினார். இப்போது அவருக்குப் பேத்தி இருக்கிறாள். இடைப்பட்ட காலம் முழுவதும் ஒரே கம்பெனி, துபாய் ஓரத்துச் சோனாப்பூரில் ஒரே தொழிலாளர் கேம்ப். ஃபோர்மேன் ஆனபோது மேல் கட்டிலிலிருந்து கீழ்க் கட்டிலுக்கு இறங்கினார். கேம்ப்பில் பதவி உயர்வு அப்படித்தான், கீழ் நோக்கி வரும்.

அவரிடம் ஒரு திறமை உண்டு என்றால் அது பஸ்ஸில் தூங்குவது. இதில் மட்டும் அவரைப் புகழ எனக்குத் தயக்கமில்லை. கம்பெனி பஸ் சோனாப்பூரிலிருந்து ஜெபல் அலிப் பக்கம் போகக் கிளம்பும்போது இன்னும் வெளிச்சம் வந்திருக்காது. போகும்போதும் திரும்பும்போதும் வெயில் இடது பக்கம்தான் அடிக்கும் என்பதால் பழைய ஆட்கள் வலது பக்கம் உட்காருவார்கள், புதிதாக வந்தவர்கள் வெயிலில் உட்கார்ந்து கற்றுக்கொள்வார்கள். கார்மேகம் வலது பக்கம் உட்கார்ந்து, தலையில் துண்டைப் போர்த்தி, முன் சீட்டின் கம்பியில் நெற்றியை வைப்பார். இஞ்சின் உறுமியதும் தூங்கிவிடுவார். சைட்டில் இஞ்சின் அணைந்ததும் விழித்து, நேராக எழுந்து நடப்பார். இடையில் வண்டி நெரிசலில் நின்றாலும், யாராவது சண்டை போட்டாலும், ஒருமுறை பின் சக்கரம் வெடித்தபோதும் அவர் விழிக்கவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் தூங்கினார். வருஷக்கணக்கில் இப்படிப் பழகிய பிறகு, இது அவர் செய்கிற செயலா, அவருக்கு நடக்கிற ஒன்றா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

சைட் வாசலில் செக்யூரிட்டி பஸ்ஸுக்குள் ஏறி ஒவ்வொருவர் தோளிலும் தட்டி அடையாள அட்டை கேட்பான். அதற்கும் கார்மேகம் விழிப்பதில்லை. கண்ணை மூடியபடியே கை சட்டைப் பைக்குள் போய் அட்டையை எடுத்து நீட்டும். அவன் பார்த்ததும் கை அதைத் திரும்ப வைத்துக்கொள்ளும். இந்தக் கை இப்படிச் செய்கிறது என்பது கார்மேகத்துக்கே தெரியாது. பஸ்ஸில் விழித்திருப்பவர் டிரைவர் ஒருவர்தான், அவர் முன்னால் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருடைய மனைவி நாகவள்ளிக்கு இதெல்லாம் தெரியாது. தினமும் ஃபோனில் போட்டிம் ஆப்பில் முகம் பார்த்துப் பேசுவார்கள். பேச்சு என்பது பெரும்பாலும் ஒருவர் பார்த்ததை மற்றவருக்குச் சொல்வது. வீடு கட்டியதை அவள் பார்த்துச் சொன்னாள். மகள் நடந்ததை அவள் பார்த்துச் சொன்னாள். அவருடைய அப்பா இறந்ததையும் அவள்தான் பார்த்துச் சொன்னாள். அவர் தன் பக்கத்திலிருந்து மணல் காற்று, மெஸ்ஸில் போட்ட பிரியாணி, புதிதாக வந்த எகிப்து இஞ்சினியர் ஆகியவற்றைச் சொன்னார். பஸ்ஸைச் சொன்னதில்லை. அதில் பார்த்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஒருநாள் நாகவள்ளி ஃபோனில் கேட்டாள்: "நாம ரெண்டு பேரும் சேந்து பாத்தது ஒண்ணு சொல்லுங்க."

"என்னத்தப் பாத்தது?"

"எதையாச்சும். ஒரு கடலு, ஒரு தேரு, ஒரு சண்டை. ஒரே நேரத்துல நீங்களும் பாத்து நானும் பாத்திருக்கணும்."

கார்மேகம் யோசித்தார். லீவில் ஊருக்குப் போன தடவைகளை எல்லாம் நினைத்துப் பார்த்தார். வீடு குடிபோன அன்று அவர் மாடியில் பந்தலுக்குக் கம்பு கட்டிக்கொண்டிருந்தார், சாரம் கட்டுகிறவர் இருக்கும்போது வேறு ஆளைக் கூப்பிடுவானேன் என்று சொல்லிவிட்டார்கள். மகள் கழுத்தில் தாலி ஏறியபோது சமையல் கொட்டகையில் தண்ணீர் லாரிக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார். தாலி கட்டியதைச் சோனாப்பூருக்குத் திரும்பி வந்து வீடியோவில் பார்த்தார். ஊரில் டவுன் பஸ்ஸில் போனால் அவள் முன்பக்கம், அவர் பின்பக்கம். வேன் பிடித்துக் குலதெய்வம் கோயிலுக்குப் போனால் வீட்டு ஆம்பளை என்று அவரை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார்கள்.

"நம்ம கல்யாணம்" என்றார்.

"அதுல நான் தலையக் குனிஞ்சிருந்தேன். கீழ இருந்த தேங்காயத்தான் பாத்தேன்."

"எனக்கும் அந்தத் தேங்காய் ஞாபகம் இருக்கு."

"அத விடுங்க" என்றாள் நாகவள்ளி.

அவளுக்கு ஒரு சிங்கம் பார்க்க வேண்டும், அவர் பக்கத்தில் இருக்கும்போது பார்க்க வேண்டும். இதுதான் அவள் கேட்டது. மத்தியானங்களில் டிவியில் மிருகங்களைக் காட்டும் சேனலை அவள் பார்ப்பாள். மானைத் துரத்துவதை எல்லாம் அவள் பொருட்படுத்துவதில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு ஆணும் பெண்ணுமாக இரண்டு சிங்கங்கள் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததை மட்டும் அவரிடம் சொன்னாள். "ஒரு வேலையும் இல்ல. ஒண்ணையொண்ணு பாக்கவும் இல்ல. சும்மா பக்கத்துப் பக்கத்துல கெடக்குதுங்க."

கார்மேகம் ஊட்டி என்றார். இந்தியாவில் கால் வைத்தால் மதுரை விமான நிலையத்தைத் தாண்டுவதற்குள் யாராவது ஒருவருக்கு ஏதாவது ஒரு வேலை இருக்கும் என்றாள் அவள். அது உண்மைதான். அப்படியானால் துபாய்க்கு வருகிறேனே என்று அவள் சொன்னபோது அவர், "இங்க என்ன இருக்கு, வெறும் வெயிலு" என்று பேச்சை மாற்றினார். மனைவி சோனாப்பூரைப் பார்ப்பதில் அவருக்கு விருப்பமில்லை. வெட்கம் என்று சொன்னால் அதிகமாகச் சொன்னதாகிவிடும். காட்ட எதுவுமில்லாத இடத்துக்கு ஆளைக் கூப்பிடுவது முறையில்லை என்பது அவர் எண்ணம்.

அந்த நேரத்தில் கிறிஸ்துதாஸ் ஞாபகத்துக்கு வந்தான். குளச்சல்காரன், ஏசி மெக்கானிக், முன்பு இதே கேம்ப்பில் இருந்தவன். கென்யாவில் அம்போசெலி தேசியப் பூங்காவை ஒட்டிய ஒரு விடுதியில் ஜெனரேட்டரையும் ஃப்ரீசர்களையும் ஓட வைப்பது இப்போது அவன் வேலை. கார்மேகம் ஃபோன் செய்தார்.

"அண்ணே, மயினியக் கூட்டிட்டு ஒடனே வாங்க. இங்க சிங்கத்துக்கு ஒரு கொறவும் இல்ல கேட்டேளா. நம்ம ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ்ல ஒரு ரூமு சும்மாதான் கெடக்கு. வரும்போ கோடாலித் தைலம் மட்டும் கொண்டாங்க, இங்க மூட்டு எல்லாம் போச்சு."

செய்தி பரவியதும் இரண்டு பக்கமும் கேலி நடந்தது. கேம்ப்பில் எதிர்க்கட்டிலில் இருந்த கீழக்கரை சாதிக் பாட்ஷா, "மாமா, லீவுன்னா ஊரு. ஊருக்குப் போகாத லீவு என்ன லீவு? சம்பளம் இல்லாத டூட்டி" என்றார். பிறகு, "சிங்கம் பாக்கவா? நம்ம கேம்ப் பாஸ் கோவப்படுறப்ப ஒரு எட்டு ஆபீஸுக்குள்ள போயிட்டு வாங்க" என்றும் சேர்த்துக்கொண்டார். ஊரில் நாகவள்ளியின் தங்கை நாகஜோதி கேட்டாள்: "மச்சானுக்கு வெளிநாட்டுலயே இன்னொரு வெளிநாடா? ஏன்க்கா, வண்டலூர்ல இருக்கறது சிங்கம் இல்லாம வேற என்னவாம்?"

"அதப் பாக்கப் போனா நீயும் வருவ" என்றாள் நாகவள்ளி.

அவள் சென்னையில் விமானம் ஏறி, துபாயில் இறங்கி, நைரோபி போகிற விமானத்துக்கு மாறவேண்டும். அந்த விமானத்தில் கார்மேகமும் ஏறுவார். துபாய் விமான நிலையத்துக்குள் அவளைத் தேடிக் கண்டுபிடித்தபோது, அவள் ஒரு பேரீச்சம்பழக் கடை வாசலில் நின்று மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊரு இம்புட்டு நல்லாருக்கு. நீங்க சொன்னதே இல்ல."

கார்மேகமும் கூரையைப் பார்த்தார். சாரம் போடக் கஷ்டமான கூரை. 

விமானம் ஓடுபாதையில் நகரத் தொடங்கியதும் அவர் தூங்கினார். வேலைக் களைப்பு என்று நாகவள்ளி நினைத்தாள். நைரோபியிலிருந்து அம்போசெலி வரை காரில் தூங்கினார். பயணக் களைப்பு என்று நினைத்தாள். களைப்பு என்ற விளக்கத்தில் ஒரு வசதி, அதை மறுபடி மறுபடி பயன்படுத்தலாம்.

மறுநாள் விடியும்போது ஜீப் வந்தது. கூரையைத் தூக்கி நிறுத்தக்கூடிய ஜீப். ஓட்டுபவர் பெயர் வாஃபுலா, கனமான மனிதர், சிரிக்காமல் வணக்கம் சொல்கிறவர். கார்மேகமும் நாகவள்ளியும் நடு வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஓடுகிற வண்டியில் அவர்கள் இப்படி உட்கார்ந்து போவதற்கு முந்தின நாள்தான் தொடக்கம். அவள் சேலை மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். அவர் காலர் வைத்த புதுச் சட்டை போட்டிருந்தார். வாஃபுலா சாவியைத் திருப்பினார். கார்மேகத்தின் நெற்றி முன் சீட்டுக் கம்பியில் போய் அமர்ந்தது.

யானைகள் பாதையைக் கடந்தன. பெரியது, சிறியது, மிகச் சிறியது என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. "இந்தாங்க, யான" என்றாள் நாகவள்ளி. யானைக்கு முன்னால் வாஃபுலா இஞ்சினை அணைப்பதில்லை, சட்டென்று பின்வாங்க வேண்டியிருக்கலாம். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கார்மேகம் தூங்கிக்கொண்டிருந்தார்.

நீர்யானை வந்தது. கழுதைப்புலி ஒன்று வயிறு நிறைந்த ஆளைப் போல நடந்து போனது. கிளிமஞ்சாரோ மலை மேகத்துக்கு வெளியே சற்று நேரம் வந்து, அவள் அவரை முழங்கையால் இடிப்பதற்குள் உள்ளே போய்விட்டது. வண்டியை விட்டு இறங்க அனுமதி உள்ள ஒரு குன்றின் அடிவாரத்தில்தான் வாஃபுலா இஞ்சினை நிறுத்தினார். கார்மேகம் உடனே நிமிர்ந்தார். கை தலைக்கவசத்தைத் தேடியது.

"சைட் வந்துருச்சா?"

நாகவள்ளி கதவைத் திறந்து இறங்கினாள்.

குன்றின் மேலிருந்து பார்த்தபோது தூரத்துச் சதுப்பில் கறுப்பாகச் சில புள்ளிகள் தெரிந்தன. அவை யானைகள் என்றார் வாஃபுலா. அவர் சொன்னதை நம்பாமலிருக்கக் காரணமில்லை. ஆனால் நம்புவது வேறு, பார்ப்பது வேறு. அன்று கார்மேகம் தன் கண்ணால் பார்த்தவை பூங்காவின் வாசல், கழிப்பறை, அந்தக் குன்று. மாலையில் விடுதி முற்றத்துக்குக் குரங்குகள் வந்தன. இருவரும் பார்த்தார்கள். குரங்கு ஊரிலேயே உண்டு என்று நாகவள்ளி அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் கிறிஸ்துதாஸுக்கு ஓய்வு நாள். அவனும் முன் சீட்டில் ஏறிக்கொண்டான். கார்மேகம் முன்னேற்பாடாக, உட்காராமல் நின்றுகொண்டு வருவதாகச் சொன்னார். திறந்த கூரையின் கம்பியைப் பிடித்து நின்றார். வண்டி கிளம்பிச் சிறிது தூரம் போனதும் அப்படியே நின்றபடி தூங்கிப்போனார். சாரத்தில் பழகிய கை, பிடியை விடவில்லை. வரிக்குதிரையும் நின்றபடிதான் தூங்கும் என்று வாஃபுலா ஆங்கிலத்தில் சொன்னார், கிறிஸ்துதாஸ் தமிழில் சொன்னான். நாகவள்ளி அவரைப் பிடித்து உட்கார வைத்தாள். நெற்றி கம்பிக்குப் போனது.

சற்று நேரத்தில் சிங்கங்கள் கிடைத்தன. இரண்டு பெண் சிங்கங்களும் ஓர் ஆணும் பாதையை ஒட்டியே நடந்து போயின. ஜீப்பும் அவற்றோடு ஊர்ந்தது. ஆண் சிங்கம் நாகவள்ளியின் பக்கம் வந்தபோது, அதன் மூக்கில் இருந்த பழைய கீறல் வரை அவளுக்குத் தெரிந்தது. அவள் கணவரின் தோளைத் தட்டினாள்.

கார்மேகத்தின் கை சட்டைப் பைக்குள் போனது. அடையாள அட்டையை எடுத்து, கண்ணைத் திறக்காமல், அவள் முகத்துக்கு நேரே நீட்டியது.

நாகவள்ளி அட்டையைப் பார்த்தாள். அதில் அவருடைய படம் இருந்தது. படத்தில் விழித்திருந்தார்.

முன்னாலிருந்து ஒரு பெரிய சத்தம் வந்தது. சிங்கம் என்று அவள் பயந்துவிட்டாள். கண்ணாடியில் இதைப் பார்த்த வாஃபுலா சிரித்த சத்தம் அது. வண்டியை ஊர விட்டபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார்.

"என்ன சொல்றாரு தம்பி?"

"மயினி, இவரு கத்தார்ல ராஸ் லஃபான்ல செக்யூரிட்டியா இருந்தவராம்ல. கேட்டுல பஸ்ஸுக்குள்ள ஏறி தட்டித் தட்டி கார்டு பாக்குறதுதான் வேலையாம். 'மேடம் தோள்ல தட்டாதீங்க, நான்னு நெனச்சிருவாரு'ன்னு சொல்லுகாரு."

நாகவள்ளிக்குப் புரியவில்லை. வாஃபுலா நிரூபித்துக் காட்டினார். திரும்பாமலே, கேட்டில் பேசிய குரலில், "பாய்! கார்ட்! ஜல்தி!" என்றார். உள்ளே போயிருந்த கை மறுபடி அட்டையோடு வெளியே வந்தது. கிறிஸ்துதாஸ் தொடையைத் தட்டிச் சிரித்தான். நாகவள்ளியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

"இவரு தெனமும் இப்பிடியா தம்பி?"

"இவரு மட்டுமா? நாங்க எல்லாருந்தான். பஸ்ல தூங்குனாத்தான் ஆளு தாக்குப்பிடிக்கும் மயினி. எனக்கு இங்க வந்தப்புறந்தான் அது வுட்டுப்போச்சு."

வாஃபுலா இப்போது சிரிக்காமல் பேசினார், கிறிஸ்துதாஸ் சொல்லிக்கொண்டு வந்தான். விடியும் முன்னே பஸ்கள் வரிசையாக வந்து நிற்குமாம். உள்ளே ஏறினால் எல்லாத் தலையும் குனிந்திருக்குமாம். அவர்களில் யாரும் விழித்திருந்து இவர் பார்த்ததில்லையாம். வழியில் எங்காவது பார்த்தால் முகத்தை வைத்து அடையாளம் தெரியாது, நெற்றியை வைத்துத்தான் தெரியும், ஏனென்றால் பழைய ஆட்கள் எல்லாருக்கும் கம்பி அழுத்திய தடம் இருக்குமாம்.

நாகவள்ளி கணவரின் நெற்றியைப் பார்த்தாள். புருவத்துக்கு மேலே குறுக்காக ஒரு கருத்த தடம். அதைப் பல வருஷமாக அவளுக்குத் தெரியும். ஹெல்மெட் தழும்பு என்று அவர் சொல்லியிருந்தார்.

விழித்திருக்கும் மனிதன் தன்னைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி கேட்பவரை உத்தேசித்துச் சொல்வது. தூங்குகிறவனுக்கு அந்தக் கவலை இல்லை. இது ஒன்றும் புதிய கருத்தல்ல, ஆனால் நாகவள்ளிக்கு அதை ஒரு சிங்கத்தின் பக்கத்தில் வைத்துத் தெரிந்துகொள்ள நேர்ந்தது. சிங்கம் இதற்குள் சலித்துப்போய்ப் புதருக்குள் போய்விட்டிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அவள் கேட்டாள்: "நெத்தியில இருக்கறது ஹெல்மெட்டு இல்லல்ல?"

கார்மேகம் சோற்றைப் பிசைந்தார். "பாதி ஹெல்மெட்டு" என்றார்.

"மீதி?"

"வண்டி."

"சொல்லியிருக்கலாம்ல."

"தூங்குறதப் போயி என்னத்தச் சொல்றது வள்ளி? எல்லாருந்தான் தூங்குறாக."

அவள் மோரை ஊற்றினாள். பிறகு கிறிஸ்துதாஸிடம் திரும்பி, "தம்பி, நாளைக்கு ஒரே ஒரு தடவ, சிங்கம் கிட்டக்க வந்ததும் இஞ்சின நிறுத்தச் சொல்லுங்க டிரைவர்ட்ட. நிறுத்துனா இவக முழிச்சிருவாக" என்றாள். மறுநாள் மத்தியானம் அவர்கள் நைரோபிக்குக் கிளம்ப வேண்டும். மிச்சம் இருந்தது ஒரு காலைதான்.

வாஃபுலா தயங்கினார். பிறகு, சிங்கம் படுத்திருந்தால் நிறுத்தலாம், நடந்துகொண்டிருந்தால் முடியாது என்று ஒத்துக்கொண்டார்.

கடைசி நாள் காலையில் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள், நைரோபி வரை வழியனுப்பக் கிறிஸ்துதாஸும் லீவு சொல்லிவிட்டு வந்தான். சிங்கம் படுத்திருந்தது. முள்மர நிழலில் ஆண் ஒன்று, பெண் ஒன்று. டிவியில் பார்த்தது போலவே ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு ஒரு வேலையும் இல்லாமல் கிடந்தன. வாஃபுலா ஜீப்பை மெதுவாக அருகே கொண்டுபோனார். கார்மேகம் கம்பியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நாகவள்ளி கையைக் காட்டினாள். வாஃபுலா சாவியைத் திருப்பினார்.

திடீரென்று வந்த அமைதி சிங்கங்களுக்குப் பிடிக்கவில்லை. ஓடுகிற இஞ்சின் அவற்றுக்கும் பழகியிருந்தது போலும். இரண்டும் எழுந்தன. பெண் முன்னால் போக, ஆண் பின்னால் புதருக்குள் நுழைந்தது. கார்மேகம் நிமிர்ந்தார், கண்ணைத் திறந்தார், அவளுடைய விரல் காட்டிய பக்கம் பார்த்தார்.

"பாத்தீங்களா?" என்றாள் நாகவள்ளி.

"பாத்தேன். வாலு. குஞ்சம் வச்ச வாலு. புதருக்குள்ள போச்சு." அவர் குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. "நீ பாத்தல்ல?"

நாகவள்ளி நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள்.

"நான் வாலப் பாக்கல. நீங்க முழிக்கிறீகளான்னு உங்களப் பாத்துக்கிட்டிருந்தேன்."

முன் சீட்டில் கிறிஸ்துதாஸ் தன் விரல் நகங்களைப் பார்த்தான். வாஃபுலாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. புதரைச் சுற்றி மறுபக்கம் போய்ப் பார்த்தார்கள். மறுபக்கமும் புதராகவே இருந்தது. பிறகு நேரமாகிவிட்டது.

வெளியே போகும் வாசலில் வாஃபுலா இஞ்சினை நிறுத்திவிட்டு அனுமதிச் சீட்டைக் காட்டக் காவலர் அறைக்குப் போனார். கிறிஸ்துதாஸ் யாரோ தெரிந்தவரைப் பார்க்க இறங்கினான். கார்மேகம் விழித்துக்கொண்டார். இருவரும் ஜீப்பில் உட்கார்ந்திருந்தார்கள். 

எதிர்ப்பக்கம், உள்ளே போகிற வழியில், ஒரு லாரி வந்து நின்றது. பூங்காவுக்குள் சாலை செப்பனிடப் போகிற ஆட்கள். பின்னால் இரும்புத் தட்டி அடைத்த பெட்டிக்குள் எதிரெதிராக இரண்டு வரிசை. மண்வெட்டிகள் கால்களுக்கு நடுவில். லாரியின் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவர் தலையும் குனிந்திருந்தது. சிலர் தட்டிக் கம்பியில் நெற்றியை வைத்திருந்தார்கள். ஒருவர் தலையில் மஞ்சள் துண்டு ஒன்றைப் போர்த்தியிருந்தார்.

காவலர் ஒருவர் பின்படியில் ஏறி ஒவ்வொரு தோளாகத் தட்டிக்கொண்டு போனார். மஞ்சள் துண்டுக்காரரின் கை சட்டைக்குள் போய் ஓர் அட்டையை எடுத்து நீட்டியது. காவலர் பார்த்தார். கை அதை உள்ளே வைத்துக்கொண்டது. துண்டு அசையவில்லை.

நாகவள்ளி பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபோனை எடுக்கக் கைப்பையைத் திறந்தாள்.

"போட்டோ வேணாம் வள்ளி" என்றார் கார்மேகம். "தூங்குறாங்க."

அவள் பையை மூடினாள். திரும்பி அவரைப் பார்க்கவில்லை. அவர் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அந்தக் கடைசியில உக்காந்திருக்கான் பாரு" என்றார் அவர். "அவன் புதுசு."

"எப்பிடித் தெரியும்?"

"மொகத்துல வெயிலு அடிக்குது. பழைய ஆளுன்னா நெழல் பக்கம் உக்காந்திருப்பான்."

நாகவள்ளி அந்தப் பையனைப் பார்த்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வெயிலில் தூங்க முயன்றுகொண்டிருந்தான். "நீங்களும் மொதல்ல வெயிலு பக்கந்தான் உக்காந்தீகளா?"

"எல்லாரும் மொதல்ல அந்தப் பக்கந்தான்."

தடுப்புக் கம்பு உயர்ந்தது. லாரி நகர்ந்தது. எல்லாத் தலைகளும் ஒன்றாகப் பின்னால் போய், ஒன்றாக முன்னால் வந்தன. யாரும் விழிக்கவில்லை. புழுதிக்குள் லாரி மறையும் வரை இருவரும் பார்த்தார்கள்.

வாஃபுலாவும் கிறிஸ்துதாஸும் வந்து ஏறினார்கள். இஞ்சின் உறுமியது. கார்மேகத்தின் தலை கம்பியை நோக்கி இறங்கியது. நாகவள்ளி ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து, நெற்றிக்கும் கம்பிக்கும் நடுவில் வைத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, நைரோபி வரும் வரை வெளியே இருந்ததை எல்லாம் தனியாகப் பார்த்துக்கொண்டு போனாள். ஒட்டகச்சிவிங்கி ஒன்று வந்தபோதும் அவரை எழுப்பவில்லை.

கார்மேகம் துபாய்க்குத் திரும்பினார். சாதிக் பாட்ஷா கேட்டதற்கு வாலை விவரமாகச் சொன்னார். சாதிக் பாட்ஷா, "வாலு பாக்கவா அம்புட்டுத் தூரம்?" என்றதற்கு, வாலும் சிங்கத்தோடதுதான் என்றார்.

நாகவள்ளி ஊருக்கு வந்த அன்று நாகஜோதி பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லுக்கா. மச்சானும் நீயும் என்னென்ன பாத்தீங்க?"

நாகவள்ளி பெட்டியைத் திறந்து துணிகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு லாரி பாத்தோம்."

"லாரியா? சிங்கம்?"

"அது இருந்துச்சு" என்றாள் நாகவள்ளி.